வெப்பமும் பழுதும்: ரங்கூன் புறநகரில் குளிர்சாதனம் வைத்திருப்போர் கொடுக்கும் விலை

மியன்மாரின் மத்தியப் பகுதியிலுள்ள மாக்வே பிராந்தியத்தின் சவுக் நகரில் 2024 ஏப்ரல் 28ஆம் தேதி வெப்பம் 48.2 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அந்நாட்டில் பதிவுகள் வைக்கப்படத் தொடங்கிய காலத்திலிருந்து ஏப்ரல் மாதமொன்றில் பதிவான ஆகக்கூடிய வெப்பநிலை அதுவே. அதே நாளில் ரங்கூன் என்று தமிழர்கள் அழைத்துவரும் யாங்கோனில் வெப்பம் 40 டிகிரியை எட்டியது.

அந்த வாரங்களில் யாங்கோன் வாசிகளுக்கு மின்சாரம் சுழற்சி முறையில், சில மணி நேரம் விட்டு சில மணி நேரமே கிடைத்து வந்தது. வீட்டில் குளிர்சாதனம் இருந்தும் பயன்படுத்த மின்சாரம் இல்லாத நிலை ஒருபுறம். மின்சாரம் திரும்பி வரும்போது அந்தச் சாதனமே பழுதாகிப் போகும் நிலை மறுபுறம்.

வீட்டு ஏசி ஒன்றைப் பழுதுபார்க்க ஆகும் செலவு என்பது பார்வைக்கு ஒரு குடும்பத்தின் கணக்குப் புத்தகத்தோடு முடிந்துவிடும் சிறிய விடயம். ஆனால் நகரின் வடமேற்கு எல்லையிலுள்ள ஷ்வேப்யிதா போன்ற ஓரிடத்தில் அந்தச் செலவின் ஒவ்வொரு பகுதியையும் பிரித்துப் பார்த்தால், நாட்டின் மின்துறை, நாணயத்தின் பெறுமதி, இறக்குமதிக் கொள்கை, தொழிலாளர்களின் வெளியேற்றம் ஆகிய அனைத்தும் அதற்குள் அடங்கியிருப்பது தெரியவரும்.

தொழிலாளர் நகரம்

ஷ்வேப்யிதா பழைய ஊர் அல்ல. 1988ஆம் ஆண்டின் மக்கள் எழுச்சி நசுக்கப்பட்ட பிறகு ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவ நிர்வாகம், யாங்கோனின் மையப் பகுதிகளில் வசித்த ஏராளமான குடும்பங்களை நகரின் விளிம்புக்கு அனுப்பியது. அதற்காக உருவாக்கப்பட்ட புதிய நகர்ப்பகுதிகளில் லைங்தாயா, டகோன் புதுநகரம் ஆகியவற்றோடு ஷ்வேப்யிதாவும் ஒன்று. 2014ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கு சுமார் 3 லட்சத்து 43 ஆயிரம் பேர் வசித்தனர்.

கைத்தொழில் பேட்டைகளும் ஆடைத் தொழிற்சாலைகளும் நிறைந்த பகுதி இது. ஐராவதி கழிமுகப் பகுதியிலிருந்தும் வறண்ட மத்திய மாவட்டங்களிலிருந்தும் வேலை தேடி வந்தவர்கள் இங்கு குடியேறினார்கள். 2021 பிப்ரவரியில் இராணுவம் மீண்டும் ஆட்சியைக் கைப்பற்றியதை அடுத்து, அந்த ஆண்டு மார்ச் 14ஆம் தேதி இராணுவச் சட்டம் முதலில் அறிவிக்கப்பட்ட இரு நகர்ப்பகுதிகள் லைங்தாயாவும் ஷ்வேப்யிதாவும்தான்.

தகரக் கூரையின் கீழ் மின்விசிறி மட்டுமே வைத்திருக்கும் வாடகைக் குடியிருப்புகளே இங்கு அதிகம். ஆயினும் சிறு வணிகர்கள், தொழிற்சாலை மேற்பார்வையாளர்கள், வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் ஆகியோரின் வீடுகளில் ஏசியும் இடம்பிடித்தது. மியன்மாரில் பாதி வீடுகளுக்கே மின் இணைப்பு கிடைத்திருந்தது என்ற நிலை 2019ஆம் ஆண்டின் இறுதியில்தான் எட்டப்பட்டது என்பதை நினைவில் கொண்டால், இத்தகைய குடும்பங்களுக்கு ஏசி என்பது பல ஆண்டுச் சேமிப்பின் பலன் என்பது விளங்கும். அது பழுதாகும்போது, அதே சேமிப்புக்குத்தான் மீண்டும் கை வைக்க வேண்டியிருக்கிறது.

இருவகை வெப்பம், இருவகைப் பழுது

மியன்மாரின் வெப்பம் ஒரே தன்மையுடையதல்ல. மாண்டலே, மாக்வே, சகாயிங் பிராந்தியங்களை உள்ளடக்கிய மத்திய வறண்ட வலயம் மலைகளின் மழைமறைவில் அமைந்தது. அங்கு பல இடங்களில் ஆண்டு மழை ஆயிரம் மில்லிமீட்டருக்கும் குறைவு. யாங்கோனிலோ ஆண்டுக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஆனால் அந்த மழையில் பெரும்பகுதி மே மாதத்திலிருந்து அக்டோபர் வரை கொட்டித் தீர்த்துவிடும். மற்ற மாதங்களில் யாங்கோனும் வறண்டே கிடக்கிறது. அந்த வறட்சியின் உச்சமே மார்ச், ஏப்ரல் மாதங்கள்.

இதனால் ஷ்வேப்யிதாவிலுள்ள ஓர் ஏசி ஒரே ஆண்டுக்குள் இரு வேறு தட்பவெப்ப நிலைகளைச் சந்திக்கிறது. வறண்ட மாதங்களில் சாலைத் தூசியும் தொழிற்சாலைப் புகையும் வெளிப்புற யூனிட்டின் மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு இடையே படிகின்றன. அறையிலிருந்து வெளியேற்றப்பட வேண்டிய வெப்பம் வெளியேற வழியின்றித் தேங்குகிறது. குழாய்களில் அழுத்தம் கூடுகிறது. கம்ப்ரசர் கூடுதலாக உழைக்கிறது, அதிக மின்சாரத்தை இழுக்கிறது, கடைசியில் சூடேறி நின்றுவிடுகிறது.

மழை மாதங்களில் பிரச்சினை வேறு. காற்றிலுள்ள ஈரம் உட்புறக் காயிலில் நீராகப் படிந்து வடிகிறது. வடிகுழாய் பாசி பிடித்து அடைத்துக்கொண்டால் அந்த நீர் சுவரில் ஒழுகும். ஈரமும் காற்றிலுள்ள அமிலத் தன்மையும் சேர்ந்து செப்புக் குழாய்களில் ஊசித் துளைகளை உண்டாக்கும். சென்னை, கொழும்பு, யாழ்ப்பாணம் போன்ற கடலோர நகரங்களில் இந்த அரிப்பை உப்புக் காற்று விரைவுபடுத்துகிறது.

ஏசியின் திறன் வெளி வெப்பத்தைப் பொறுத்து மாறும் என்பதையும் பலர் கவனிப்பதில்லை. சர்வதேசத் தரநிர்ணய அமைப்பின் விதிகளின்படி, சாதாரண ஏசிகளின் குளிரூட்டும் திறன் வெளி வெப்பம் 35 டிகிரியாக உள்ளபோது அளவிடப்படுகிறது. கடும் வெப்ப நாடுகளுக்கான தனிப் பிரிவுக்கு இந்த அளவு 46 டிகிரி. வளைகுடா நாடுகளில் விற்கப்படும் ஏசிகள் பெரும்பாலும் இரண்டாவது பிரிவுக்காக வடிவமைக்கப்பட்டவை. முதல் பிரிவைச் சேர்ந்த ஏசி, வெளியே 40 டிகிரியைத் தாண்டும் நாளில், அட்டையில் எழுதப்பட்ட அளவு குளிரைத் தராது. அது பழுது அல்ல. ஆனால் அதைப் பழுதென்று கருதி பழுதுபார்ப்பவரை அழைப்போரும், அந்த அறியாமையைப் பயன்படுத்தி கேஸ் நிரப்பிக் காசு வாங்குவோரும் எல்லா நாடுகளிலும் இருக்கிறார்கள்.

வேலூர், ஈரோடு, கரூர் பரமத்தி போன்ற தமிழகத்தின் உள்மாவட்ட ஊர்களில் கத்திரி வெயில் காலத்தில் ஏற்படும் பழுதுகள் வறண்ட வெப்பத்தின் பழுதுகளே. அங்கு ஏசி வாங்க இயலாதோருக்கு நீரை ஆவியாக்கிக் காற்றைக் குளிர்விக்கும் ஏர்கூலர் ஓரளவு கைகொடுக்கிறது. காற்றில் ஈரம் மிகுந்த சென்னையிலோ, மழைக்கால யாங்கோனிலோ அது பயன் தருவதில்லை.

மின்சாரம் என்ற முதல் எதிரி

எனினும் யாங்கோனில் ஏசிகளைக் கெடுப்பதில் தூசியையும் ஈரத்தையும் விஞ்சி நிற்பது மின் விநியோகம்தான்.

மியன்மாரின் மின் உற்பத்தி பெரும்பாலும் நீர்மின் நிலையங்களையும் இயற்கை எரிவாயுவையும் நம்பியுள்ளது. கோடையில் அணைகளின் நீர்மட்டம் குறைகிறது. ஆகவே நாட்டில் வெப்பம் உச்சத்தில் உள்ளபோதுதான் மின் உற்பத்தி அடிமட்டத்தில் இருக்கிறது. கடலடி எரிவாயு வயல்களின் உற்பத்தி சரிந்து வருவதும், 2021க்குப் பின்னர் இறக்குமதி செய்யப்பட்ட திரவ எரிவாயுவில் இயங்கிய நிலையங்கள் நின்றுபோனதும், உள்நாட்டு மோதல்களில் மின் கடத்தும் பாதைகள் சேதமடைந்ததும் நிலைமையை மோசமாக்கின. 2025 மார்ச் 28ஆம் தேதி மாண்டலே, சகாயிங் பகுதிகளைத் தாக்கிய 7.7 அளவிலான நிலநடுக்கமும் மின் கட்டமைப்புக்குச் சேதம் விளைவித்தது.

மின்வெட்டு ஏசியை ஓடாமல் நிறுத்துவதோடு முடிந்துவிடுவதில்லை. அது மூன்று வழிகளில் அதற்குச் சேதம் விளைவிக்கிறது.

முதலாவது, உடனடி மறுதொடக்கம். ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போது குழாய்களின் ஒரு பக்கத்தில் உயரழுத்தமும் மறு பக்கத்தில் தாழ்வழுத்தமும் நிலவும். மின்சாரம் துண்டிக்கப்பட்டு ஒரு நிமிடத்துக்குள் திரும்பினால், அழுத்தங்கள் சமநிலைக்கு வருவதற்கு முன்பே கம்ப்ரசர் சுழல முயலும். சுழல முடியாமல் திணறும் மோட்டார் வழக்கமான அளவைப் போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுத்துச் சூடாகும். இதைத் தவிர்க்கவே பெரும்பாலான ஏசிகளில் சுமார் மூன்று நிமிடத் தாமதம் அமைக்கப்பட்டுள்ளது. பழைய சாதனங்களிலோ, பழுதடைந்த போர்டு நேரடி இணைப்பால் தவிர்க்கப்பட்ட சாதனங்களிலோ அந்தப் பாதுகாப்பு இருப்பதில்லை.

இரண்டாவது, குறைந்த மின்னழுத்தம். நகரின் விளிம்பில், நீண்ட கம்பித் தொடரின் கடைசியில் உள்ள வீடுகளுக்கு 230 வோல்ட்டுக்கு வெகுவாகக் குறைந்த மின்சாரமே வந்து சேரும். சுழற்சி முறையில் மின்சாரம் திரும்பும் வேளையில் ஒரு வட்டாரத்து வீடுகள் அனைத்தும் ஒரே நேரத்தில் தண்ணீர் மோட்டாரையும், அரிசிக் குக்கரையும், ஏசியையும் இயக்கும்போது அழுத்தம் மேலும் சரிகிறது. அழுத்தம் குறையும்போது கம்ப்ரசரின் கம்பிச் சுருள்கள் கூடுதல் மின்னோட்டத்தால் சூடேறி, அவற்றின் மேற்பூச்சு கருகுகிறது.

மூன்றாவது, திடீர் மின் எழுச்சி. பழைய வகை ஏசிகளில் இதனால் கெடுவது பெரும்பாலும் கபாசிட்டர் என்ற மலிவான பாகம். ஆனால் மின்சாரத்தைச் சேமிக்கும் என்று விளம்பரம் செய்யப்படும் இன்வெர்ட்டர் ஏசிகளில் கெடுவது, விலை மிகுந்த மின்னணு போர்டு. மின் கட்டணத்தில் மிச்சப்படுத்தியதைப் போர்டு மாற்றுவதில் இழக்க நேரிடுகிறது என்பது இத்தகைய விநியோகமுள்ள நகரங்களில் இன்வெர்ட்டர் ஏசி வாங்கியோரின் பொதுவான குறை.

இந்த மூன்றுக்கும் எதிரான காவல், போதிய திறனுள்ள ஸ்டெபிலைசரும் தாமதக் கருவியும்தான். மின்வெட்டு தொடங்கியதும் ஏசியின் சுவிட்சை அணைத்துவிட்டு, மின்சாரம் திரும்பி ஐந்து நிமிடங்கள் கழித்து இயக்குவது செலவே இல்லாத காவல்.

பழுதுச் சீட்டில் என்ன இருக்கிறது

ஏசி பழுதுகளைச் செலவின் அடிப்படையில் மூன்று படிகளாகப் பிரிக்கலாம்.

முதல் படியில் வருபவை வடிகட்டி, காயில், வடிகுழாய் ஆகியவற்றைச் சுத்தம் செய்தல். தமிழகத்தில் வாட்டர் சர்வீஸ் என்றும், சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஆழமான சுத்திகரிப்புக்கு கெமிக்கல் வாஷ் என்றும் இது அழைக்கப்படுகிறது. இங்கு செலவாவது பெரும்பாலும் உழைப்பு மட்டுமே.

இரண்டாவது படியில் கபாசிட்டர், விசிறி மோட்டார், வெப்ப உணரி, ரிலே போன்ற பாகங்களின் மாற்றம். இதில் உழைப்புக் கூலியோடு இறக்குமதியான ஒரு பொருளின் விலையும் சேர்கிறது.

மூன்றாவது படியில் கேஸ் கசிவு, போர்டு, கம்ப்ரசர். இதில்தான் செலவு பெருகுகிறது. ஏமாற்று வேலைகளும் இதில்தான் அதிகம்.

ஏசியில் உள்ள கேஸ், வாகனத்தின் பெட்ரோல் போல ஓட ஓடத் தீர்ந்துபோகும் பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் அது சுற்றிச் சுற்றி வருகிறது. அது குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்பதே பொருள். கசிவைக் கண்டுபிடித்து, அந்த இடத்தைப் பற்றவைத்து, குழாய்களுக்குள் உள்ள காற்றையும் ஈரத்தையும் வெற்றிடப் பம்ப்பினால் நீக்கி, பின்னர் எடை பார்த்து கேஸ் நிரப்புவதே முறையான வேலை. கசிவைத் தேடாமல் நிரப்பிச் செல்பவர் சில மாதங்களில் மீண்டும் அழைக்கப்படுவார். ஒவ்வொரு கோடையிலும் கேஸ் நிரப்பும் குடும்பம், உண்மையில் ஒரே பழுதுக்குத் திரும்பத் திரும்பப் பணம் செலுத்துகிறது.

எந்த கேஸ் என்பதும் செலவைத் தீர்மானிக்கிறது. பழைய ஏசிகளில் உள்ள ஆர்-22, ஓசோன் படலத்தைச் சிதைப்பது. 1987ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் வளரும் நாடுகள் இதைப் படிப்படியாகக் குறைத்து, 2030க்குள் பெருமளவில் கைவிட வேண்டும். வரத்து சுருங்கச் சுருங்க விலை ஏறுவது இயல்பு. அதன் பிறகு வந்த ஆர்-410ஏ ஓசோனுக்குத் தீங்கற்றது. ஆனால் புவியை வெப்பமாக்குவதில் அது கரியமில வாயுவை விட இரண்டாயிரம் மடங்குக்கும் மேல் ஆற்றல் வாய்ந்தது. இத்தகைய வாயுக்களையும் குறைக்க 2016ஆம் ஆண்டு ருவாண்டாவின் கிகாலியில் உடன்பாடு எட்டப்பட்டது. புதிய ஏசிகளில் பரவலாகியுள்ள ஆர்-32இன் பாதிப்பு இதில் மூன்றில் ஒரு பங்கே. ஆயினும் அது ஓரளவு தீப்பற்றக் கூடியது என்பதால், பயிற்சி பெற்றவர் மட்டுமே கையாள வேண்டியது. ஒரு வகை கேஸுக்காக அமைந்த ஏசியில் கையில் கிடைத்த வேறு வகையை நிரப்புவது ஆபத்தானது. கம்ப்ரசரின் ஆயுளையும் குறைப்பது.

நாணயம் சரியும்போது

மியன்மார் வீடுகளின் ஏசிகளும் அவற்றின் பாகங்களும் பெரும்பாலும் தாய்லாந்து, சீனா போன்ற நாடுகளிலிருந்து வருபவை. எனவே பழுதுச் சீட்டின் இரண்டாவது, மூன்றாவது படிகள் வெளிநாட்டு நாணயத்தின் விலையோடு பிணைக்கப்பட்டுள்ளன.

2021 பிப்ரவரிக்கு முன்னர் ஒரு அமெரிக்க டாலரின் விலை சுமார் 1,330 க்யாட். 2022 ஆகஸ்டில் மத்திய வங்கி அதிகாரபூர்வ விகிதத்தை 2,100 க்யாட் என நிர்ணயித்தது. ஆனால் 2024 ஆகஸ்டில் வெளிச் சந்தையில் டாலர் 6,000 க்யாட்டுக்கும் மேலே சென்றது. 2022 முதல் இறக்குமதி உரிமக் கட்டுப்பாடுகளும் இறுக்கப்பட்டன. தாய்லாந்து எல்லையிலுள்ள மியாவடி வழியான தரைவழி வணிகம் சண்டைகளால் பலமுறை தடைபட்டது. டாலர் விலையில் மாற்றமே இல்லாத ஒரு கபாசிட்டர் கூட, க்யாட்டில் கூலி வாங்கும் ஒருவருக்குச் சில ஆண்டுகளில் பல மடங்கு விலையேறியது இதனால்தான்.

இலங்கைத் தமிழர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. 2021 செப்டம்பரில் வீட்டு மின்சாதனங்கள் உள்ளிட்ட பல பொருட்களின் இறக்குமதிக்கு முழுத் தொகையையும் முன்கூட்டியே வைப்புச் செய்ய வேண்டும் என்று அந்நாட்டு மத்திய வங்கி விதித்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாயாக இருந்த டாலர், மே மாதத்தில் 350 ரூபாயைத் தாண்டியது. மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு அமலானது. பின்னர் 2022 ஆகஸ்டில் மின் கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பிப்ரவரியில் 66 சதவீதமும் உயர்த்தப்பட்டது.

இரு நாடுகளுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. இலங்கையின் நெருக்கடி கடுமையாக இருந்தாலும், 2022 இறுதிக்குப் பிறகு மின்வெட்டுகள் படிப்படியாக நீங்கின. ஆனால் மியன்மாரில் மின் தட்டுப்பாடும் நாணயச் சரிவும் ஆண்டுக்கணக்கில் நீடித்தன.

பழுதுபார்க்கும் கரங்கள் எங்கே

பழுதுச் செலவின் மற்றொரு பகுதி உழைப்புக் கூலி. ஏசி பழுதுபார்ப்பு என்பது மின்சாரம், உலோகப் பற்றவைப்பு, மின்னணுவியல் ஆகிய மூன்றும் தெரிந்தவர் செய்யும் வேலை. உயரமான சுவர்களில் ஏறிச் செய்யும் ஆபத்தும் அதில் உண்டு. பொதுவாக இளைஞர்களின் தொழில்.

2024 பிப்ரவரி 10ஆம் தேதி மியன்மார் இராணுவ நிர்வாகம் கட்டாய இராணுவ சேவைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 18 முதல் 35 வயது வரையிலான ஆண்களும், தொழில்நுட்பத் திறன் பெற்றவர்களாயின் 45 வயது வரையிலானவர்களும் அதன் வரம்புக்குள் வருகின்றனர். அதைத் தொடர்ந்து ஏராளமான இளைஞர்கள் தாய்லாந்துக்கும் பிற நாடுகளுக்கும் சென்றனர். பல தொழில்களில் ஆள் பற்றாக்குறை ஏற்பட்டது. கையில் தொழில் உள்ளவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைப்பது எளிது என்பதால், முதலில் வெளியேறுபவர்களும் அவர்களே. எஞ்சியிருக்கும் அனுபவசாலியின் கூலி உயர்கிறது. அனுபவமற்றவரிடம் வேலை ஒப்படைக்கப்படும் வாய்ப்பும் கூடுகிறது.

ரங்கூனிலிருந்து கைத்தொழிலாளர்களும் வணிகர்களும் வெளியேறுவது வரலாற்றில் முதல்முறையல்ல என்பதைத் தமிழர்கள் நன்கு அறிவார்கள். 1931ஆம் ஆண்டில் அந்நகர மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர்கள். 1942இல் ஜப்பானியப் படையெடுப்பின்போதும், 1962இல் ஜெனரல் நீ வின் ஆட்சிக்கு வந்து வணிக நிறுவனங்களை நாட்டுடைமையாக்கிய பிறகும் அவர்களில் லட்சக்கணக்கானோர் வெளியேறினார்கள். அப்படித் தமிழகம் திரும்பியவர்களுக்காக 1969இல் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தின் அருகே அமைந்ததே பர்மா பஜார். வெளிநாட்டு மின்சாதனங்களுக்குப் பல பத்தாண்டுகள் பெயர்பெற்ற கடைத்தெரு அது. யாங்கோனில் இன்றும் வசிக்கும் தமிழர்கள், அன்று போகாமல் தங்கியவர்களின் சந்ததியினர்.

பழுதுபார்ப்பதா, மாற்றுவதா

பழுது நீக்கும் செலவு புதிய சாதனத்தின் விலையில் பாதியைத் தாண்டினால், சாதனமும் எட்டு முதல் பத்து ஆண்டுகள் பழையதாக இருந்தால், புதிது வாங்குவதே மேல் என்பது பல நாடுகளில் கூறப்படும் பொது விதி. ஆனால் இந்த விதி, புதிய சாதனம் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கும் நாடுகளுக்கே பொருந்தும். புதியதன் விலையும் நாணயத்தோடு சேர்ந்து ஏறும் இடத்தில், பழையதை எப்படியாவது ஓட வைப்பதே குடும்பங்களின் தெரிவாகிறது. பழுதடைந்த ஏசிகளிலிருந்து கழற்றப்பட்ட பாகங்களுக்கும் அப்போது சந்தை உருவாகிறது.

இந்தக் கணக்கில் மின் கட்டணத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். யாங்கோனில் ஒரு வீட்டில் விளக்கு, விசிறி, குளிர்பதனப் பெட்டி ஆகியவற்றுக்கு மாதம் 100 யூனிட் செலவாவதாகவும், மணிக்கு ஒரு யூனிட் இழுக்கும் ஏசி நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் ஓடுவதாகவும் கொள்வோம். ஏசிக்கு மட்டும் மாதம் 180 யூனிட். மொத்தம் 280 யூனிட்.

2019 ஜூலையில் நடைமுறைக்கு வந்த கட்டண விகிதத்தின்படி இந்த வீட்டின் மொத்தக் கட்டணம் 27,550 க்யாட். அதில் ஏசியின் பங்கு 21,500. 2024 செப்டம்பரில் கட்டணம் மீண்டும் உயர்த்தப்பட்டது. முதல் 50 யூனிட்டுக்குத் தலா 50 க்யாட், அடுத்த 50க்கு 100, அதற்கடுத்த 100க்கு 150, 200க்கு மேற்பட்ட ஒவ்வொரு யூனிட்டுக்கும் 300 என்ற அந்த விகிதத்தின்படி மொத்தக் கட்டணம் 46,500 க்யாட். ஏசியின் பங்கு 39,000.

தூசி அடைத்த காயிலோடும் குறைந்த கேஸோடும் ஓடும் ஏசி அதே குளிருக்கு 20 சதவீதம் கூடுதல் மின்சாரம் இழுப்பதாக வைத்துக்கொண்டால், மாதம் 36 யூனிட் கூடும். அவை அனைத்தும் உச்ச விகிதத்தில் கணக்கிடப்படுவதால் கூடுதல் செலவு 10,800 க்யாட். பழுதுபார்க்காமல் ஒத்திப்போடுவதும் செலவுதான் என்பதை இந்த எண் காட்டுகிறது.

மின்வெட்டைச் சமாளிக்க ஜெனரேட்டரை நாடியவர்களுக்கு எரிபொருள் விலை தடையாக உள்ளது. சீனாவிலிருந்து வரும் சூரிய ஒளித் தகடுகளும் மின்கலங்களும் 2024க்குப் பின்னர் மியன்மார் நகரங்களில் பரவலாகின. விளக்குக்கும் விசிறிக்கும் அவை போதும். ஆனால் இரவு முழுவதும் ஏசியை இயக்கக்கூடிய மின்கலம் வாங்கும் வசதி ஷ்வேப்யிதாவில் மிகச் சிலருக்கே இருக்க முடியும்.

நுகர்வோரின் உரிமை

இந்தியாவில் பழுதுபார்க்கும் உரிமை குறித்த இணையத் தளம் ஒன்றை மத்திய அரசு 2022 டிசம்பரில் தொடங்கியது. சாதனங்களைப் பழுதுபார்ப்பது குறித்த விவரங்களையும் உதிரிப் பாகங்கள் பற்றிய தகவலையும் தயாரிப்பாளர்கள் வெளியிட அது வழிசெய்தது. குறைபாடான சேவைக்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாவட்ட ஆணையங்களில் முறையிடலாம். 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிகள் மீதான சரக்கு சேவை வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது.

மியன்மாரிலும் 2019இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஒன்று நிறைவேற்றப்பட்டது. ஆனால் சட்டம் ஏட்டில் இருப்பது வேறு. இராணுவச் சட்டத்தைக் கண்ட ஒரு நகர்ப்பகுதியில் சாதாரணக் குடிமகன் அரசு அலுவலகத்தில் ஒரு கபாசிட்டருக்காக முறையிடச் செல்வது வேறு. நம்பிக்கையான பழுதுபார்ப்பவரை அறிமுகப்படுத்தும் அண்டை வீட்டாரே அங்கு நடைமுறையில் நுகர்வோர் பாதுகாப்பு.

ஆகவே சில எச்சரிக்கைகள் எங்கும் பயனுள்ளவை. வேலைக்கு முன்பே பழுது என்ன, கூலி எவ்வளவு, பாகத்தின் விலை எவ்வளவு என்பதைத் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளுதல். கழற்றிய பழைய பாகத்தைத் திரும்பப் பெறுதல். கேஸ் நிரப்புவதாயின் கசிவு எங்கே என்பதைக் காட்டச் சொல்லுதல். போர்டு போய்விட்டது என்றால் முதலில் கபாசிட்டரையும் மின்னழுத்தத்தையும் சோதிக்கச் சொல்லுதல். கோடை தொடங்கும் முன்பே, பழுதுபார்ப்பவர்களுக்கு வேலை குறைவான காலத்தில் சுத்தம் செய்துவிடுவது செலவையும் காத்திருப்பையும் குறைக்கும்.

ஏசி இல்லாதவர்கள்

உலகின் மிக வெப்பமான பகுதிகளில் வாழும் 280 கோடி மக்களில் 8 சதவீதத்தினரிடம் மட்டுமே ஏசி இருப்பதாக சர்வதேச எரிசக்தி முகமை 2018ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில் கூறியது. அப்போது உலகில் சுமார் 160 கோடியாக இருந்த ஏசிகளின் எண்ணிக்கை 2050இல் 560 கோடியாகும் என்றும் அது கணித்தது. வில்லிஸ் கேரியர் 1902ஆம் ஆண்டு நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தின் காகிதங்கள் ஈரத்தால் சுருங்கி விரியாமல் இருக்க வடிவமைத்த கருவி, இன்று வெப்பத்தில் உயிர்காக்கும் சாதனமாகவும், அதே வேளையில் புவியை மேலும் வெப்பமாக்கும் சாதனமாகவும் மாறியிருக்கிறது.

ஷ்வேப்யிதாவில் பெரும்பான்மையினருக்கு ஏசி பழுதுச் செலவு என்ற பிரச்சினையே இல்லை. ஏனெனில் அவர்களிடம் ஏசி இல்லை. தகரக் கூரையின் மேல் வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு, கூரைக்கடியில் மூங்கில் பாய்த் தட்டி, எதிரெதிர் சாளரங்கள், நிழல் மரம் ஆகியவையே பழுதாகாத குளிரூட்டிகள். ஏசி உள்ள வீட்டிலும் இவை இருந்தால் அதன் சுமை குறையும், பழுதும் குறையும்.

ஆனால் மின்னழுத்தத்தைச் சீராக்குவதும், உதிரிப் பாகங்கள் நியாய விலையில் வர வழிசெய்வதும், தொழில் தெரிந்த இளைஞர்கள் அச்சமின்றி ஊரில் வாழும் நிலையை ஏற்படுத்துவதும் எந்தக் குடும்பத்தாலும் தனித்துச் செய்யக்கூடியவை அல்ல. அவை நடக்கும் வரை, அரசு செய்யத் தவறிய பராமரிப்பின் செலவும் ஷ்வேப்யிதா குடும்பங்களின் பழுதுச் சீட்டில்தான் ஏறும்.